ஏறுகிற வண்டிக்கு வழி

யேசுதாசனை டெனிஸ்டன் அன்று காலை அடித்திருப்பான். தன் கையைத் தடுத்தது கிறிஸ்தவப் பொறுமைதான் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். உண்மையில் தடுத்தது யேசுதாசனின் உயரம். பெல்ரோஸ் தோட்டத்தில் றப்பர் பால் ஏற்றும் பவுசர் வண்டியை ஓட்டுகிற யேசுதாசன் ஒரு தென்னைமரம் மாதிரி நின்றான். டெனிஸ்டனோ தன் த்ரீவீலரில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோட்டைப் பார்க்கக்கூடிய ஆள்.

"இத்தன நாளா வாயில என்னத்த வச்சிருந்தீங்கண்ணே? பிட்டா? அங்க லோஜன் ரிமாண்ட்ல கெடக்கான்!"

"மெதுவாப் பேசு டெனி. தொரை காதுல விழுந்தா என் வேல போயிரும்."

"போகட்டும்! போனா நீங்க வந்து என் ஆட்டோவத் தள்ளுங்க!"

"டெனிஸ்டன்" என்றாள் ராகினி.

அவ்வளவுதான். டெனிஸ்டன் வாயை மூடினான். ராகினி மிஸ் கோபத்தில் கத்தினால் பயமில்லை, சீக்கிரம் ஆறிவிடும். குரல் தணிந்துகொண்டே போனால்தான் ஆபத்து. இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்து விசாரித்துக்கொண்டிருந்தவள், மேலதிகாரி சொன்ன பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே வந்து, இரத்தினபுரியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் துப்பறியும் நிலையம் போட்டவள். சம்பளமில்லாத உதவியாளர், வாகனம், சமயத்தில் குடை, எல்லாம் டெனிஸ்டன்தான்.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

யேசுதாசன் தொழிற்சாலைச் சுவரோரமாக ஒதுங்கினான். "மழை பெஞ்சிக்கிட்டு இருந்துச்சு மிஸ். கொய்யாமர முடக்குல, அந்த வளைவுல, நான் பாரத்தோட ஏறிக்கிட்டு இருக்கேன்."

"பால் எடுக்கிற நேரம் இல்லையே. என்ன பாரம்?"

யேசுதாசன் நெளிந்தான். "தண்ணி. மச்சினன் வீட்டுல கல்யாணம்."

"பால் பவுசர்லயா?"

"கழுவிட்டுத்தான் மிஸ்…"

"அதான் அன்னைக்குப் பந்தியில சோறு எலயில விழுந்து துள்ளுச்சு!" என்றான் டெனிஸ்டன். அவனும் அந்தக் கல்யாணத்தில் மூன்று முறை பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டவன்.

யேசுதாசன் அதைக் காதில் வாங்கவில்லை. "மேலேருந்து பஜார்க் கடையோட பட்டா லொறி எறங்கி வந்துச்சு. ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி நிக்கணும் மிஸ், மலையில அதான் மொற. பாரத்தோட நான் நின்னா பின்னால உருண்டுருவேன்ல. லோஜன்னா முடக்குக்கு மேலயே ஒதுங்கி நின்னு கையக் காட்டுவான். இது நிக்கல. எனக்கும் மண்ணுச் சொவருக்கும் நடுவுல பூந்துச்சு."

"ஓட்டுனது யாரு?"

"நான் ஒசரத்துல ஒக்காந்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சது பட்டாவோட கூர. பொறகு ஒரு கை. ஜன்னல் வழியா வெளிய வந்து, பவுசர்ல ஒரசாம இருக்க சைட் மிரர மடிச்சிச்சு. அவ்வளவுதான் பாத்தேன். திரேசாக்காவ இடிச்சது எனக்குத் தெரியாது மிஸ். மாதா மேல சத்தியம்."

திரேசா, அந்தத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவள். தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாக வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். பட்டா பின்னாலிருந்து வந்ததால் எதையும் பார்க்கவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி அவள் மரத்துக்கு மரம் நடக்கப்போவதில்லை.

அந்தப் பட்டா லொறி எஹலியகொட பஜாரில் அரிசி, மா வியாபாரம் செய்கிற பாலசுப்பிரமணியம் முதலாளியுடையது. அதில் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகிறவன் லோஜன். லொறியைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன் என்று அவன் சொன்னான். பஸ்ஸில் அவனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. லொறி தோட்டத்துக் கீழ் கேட்டருகே அநாதையாகக் கிடந்தது. லோஜன் உள்ளே போனான்.

ஆணியிலிருந்த சாவியை வேறு யார் எடுத்திருக்கலாம் என்று பொலிஸ் மெல்லக் கேட்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் வீடியோ வந்தது.

*

எஹலியகொடைக்குப் போகிற வழியில் த்ரீவீலரின் பின்சீட்டில் அந்த வீடியோ மறுபடியும் ஓடியது. பெயரில்லாத யாரோ பேஸ்புக்கில் போட்டது. 'கொலைக்கு ஒத்திகை' என்று தலைப்பு. உள்ளே ஒரு வீடியோ கேம். உலகமே அழிந்து மணலான இடத்தில், லோஜன் பேரில் ஓடுகிற, முள்ளும் தகரமும் வைத்து ஒட்டிய கார் கொய்யாமர முடக்கு போலவே இருக்கிற ஒரு முடக்கில் இறங்குகிறது. ஏறி வருகிற லொறியை உரசிக்கொண்டு போய், ஓரத்தில் வாளியோடு நிற்கிற ஒரு பெண்ணை அடித்துத் தூக்குகிறது.

"நிப்பாட்டுங்க மிஸ்" என்றாள் இந்திராணி. லோஜனின் அக்கா. அவளும் அதே தோட்டத்தில்தான் பால் வெட்டுகிறாள். "பீலிக்கிட்ட தண்ணிக்காகத் திரேசாக்காவும் அவனும் சண்ட போட்டாங்கதான். லயத்து வரிசை வீட்டுல தண்ணிக்குச் சண்ட போடாதவன் யாரு? அதுக்காகக் கேம்ல பழகிட்டு வந்து கொன்னுப்புடுவானா? நேத்துப் பீலிக்கிட்ட நான் போனா எல்லாரும் வாளியத் தூக்கிட்டு நகந்து நிக்கிறாளுங்க. என் தம்பி கேம் பைத்தியமாம். கொலகாரனாம்!"

"எங்க ஃபாதர் ஞாயித்துக்கெழம பிரசங்கமே வச்சிட்டாரு" என்றான் டெனிஸ்டன். "கேம் ஆடுறவன் நரகத்துக்குப் போவானாம். நான் போன்ல கேரம் ஆடுறதத்தான் சொல்றாரோன்னு எனக்கு வேர்த்துப் போச்சு."

இந்திராணி சிரிக்கவில்லை. ராகினியும் சிரிக்கவில்லை. டெனிஸ்டன் ஒரு குழியில் த்ரீவீலரை வேண்டுமென்றே இறக்கினான். அவனுக்கும் கோபம்தான். கோபம் வந்தால் அவனுக்குப் பகிடி வரும், அது ஒரு வியாதி.

"நாளைக்குக் கேஸ்" என்றாள் ராகினி, மிக மெல்லிய குரலில். "இதுவரைக்கும் அது கவனயீனம். இந்த வீடியோவ ஏத்துக்கிட்டாங்கன்னா கொலை முயற்சி. லோஜன் வெளிய வரும்போது தலை நரைச்சிருக்கும். இதப் போட்டவனுக்கு அது நல்லாத் தெரியும்."

"லோஜனுக்கு இந்த வீடியோ தெரியுமா?" என்று கேட்டான் டெனிஸ்டன்.

"தெரியாது" என்றாள் இந்திராணி. "சொல்ல எனக்கு வாய் வரல."

*

ஷிராஸின் கேம் கடை பஜாரில் ஒரு பார்மசிக்கு மேலே இருந்தது. கம்பியூட்டர்கள் வரிசையாக. மூலையில் கடையின் பெருமையாக, நிஜக் கார் சீட்டும் ஸ்டியரிங்கும் மிதிகளும் பொருத்திய ஒரு மெஷின். பகலென்பதால் கூட்டமில்லை.

"டெட் டீசல்" என்று கேமின் பெயரைச் சொன்னான் ஷிராஸ். "உலகம் அழிஞ்சி போச்சு மிஸ். டீசலுக்காக மனுசன மனுசன் அடிச்சிக்கிறான். வண்டியில துவக்கு, கத்தி எல்லாம் பூட்டலாம். எங்க வேணும்னாலும் போகலாம், சொந்த ரோட்டும் போடலாம்."

"இதக் காசு குடுத்து ஆடுறீங்களா?" என்றான் டெனிஸ்டன். "பெற்றோல் வரிசையில நாங்க இத சும்மாவே ஆடினோமே!"

ராகினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் முழுக்கச் செம்மண் நிறத்தில் புழுதி சுழன்றுகொண்டிருந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஷிராஸ், இந்தக் கேம்ல வானம் எப்பவுமே இப்படிச் செவப்பாத்தானா இருக்கும்?"

"இல்ல மிஸ். முன்ன சாம்பல் கலர். இது செம்புழுதிக் காத்து. புதுசா வந்தது. போன வெள்ளிதான் அப்டேட் விட்டாங்க, அதுக்கு முன்ன…"

ஷிராஸ் நிறுத்தினான். ராகினி போனை அவன் முன்னால் வைத்தாள். வீடியோவிலும் வானம் சிவப்பாக இருந்தது.

"லோஜனப் பிடிச்சது அதுக்கு முந்தின வாரம்" என்றாள்.

ஷிராஸ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அல்லாஹ்வே. அவன் உள்ள ஈக்கக்குள்ள அவன்ட வண்டிய வேற யாரோ ஓட்டி ஈக்கான்."

"ஒத்திகை இல்ல" என்றாள் ராகினி. "நடந்து முடிஞ்சதப் பாத்துப் போட்ட நாடகம். திரேசா எந்த ஓரத்துல நின்னா, லொறி எப்படி உரசிப் போச்சு, எல்லாம் தெரிஞ்சவன் போட்ட நாடகம்."

டெனிஸ்டனுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "லோஜனோட பாஸ்வேர்ட் எங்க இருக்கு?"

"அந்த ஸ்டியரிங் மெஷின்ல. அவன் எப்பவும் அதுலதான் ஆடுவான். உக்காந்து அமத்தினா அவன்ட பேர்லயே தொறக்கும்."

"கடை ஒன்னோடது. மெஷின் ஒன்னோடது. ராத்திரி சட்டரப் போட்டா உள்ள இருக்கிறவன் நீ!"

"டெனி, பாத்துப் பேசு!" ஷிராஸ் எழுந்தான். அவனுக்கும் முகம் சிவந்துவிட்டது. "கடை என்டதுதான். அதுக்காகப் பாவமும் என்டதா? வீடியோ வந்த நாள்ல இருந்து உம்மாமார் வந்து புள்ளைங்களக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறாங்க. இந்தக் கடைய மூடச் சொல்லிப் பெட்டிஷன் போட்டு ஈக்காங்க. நானே என்ட வயித்துல அடிச்சிக்குவேனா? பிஸ்ஸுவா, பைத்தியமா ஒனக்கு?"

நியாயமான கேள்வி. டெனிஸ்டன் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது இந்திராணி "ஐயோ" என்றாள்.

திரையில் லோஜன் போட்ட ரோடு தெரிந்தது. பாலைவனத்துக்கு நடுவில், ஒரு சம்பந்தமும் இல்லாமல், பெல்ரோஸ் தோட்டம். தொழிற்சாலைப் புகைக்குழாய், கொய்யாமரம், முடக்கு, கீழே லயம். லயத்தில் நாலாவது கதவு நீல நிறம்.

"எங்க வீடு" என்றாள் இந்திராணி. "கதவுக்குப் பெயின்ட் அடிடான்னு வருசக்கணக்கா கத்துறேன். நேரமில்ல, நேரமில்லம்பான். இங்க அடிச்சு வச்சிருக்கான் பாருங்க, நாய்."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். டெனிஸ்டன் அவசரமாக ஜன்னல் வழியாகப் பஜாரைப் பார்த்தான். அவனுடைய கண்ணில் அன்றைக்கென்று தூசி.

"எங்க குழுவுக்குப் பேரு றப்பர் பசங்க" என்றான் ஷிராஸ், கோபம் சற்று இறங்கி. "இந்த ரோட்டுல ஆடுறதுக்கு லோஜன் ஒரு சட்டம் வச்சான். இங்கயும் ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி நிக்கணும். வெளிநாட்டுக்காரன் வந்தா எங்கள நிக்க வச்சுச் சுட்டுட்டுப் போறான். நாங்க கையக் காட்டிக்கிட்டே சாகிறோம். ஆசியாவுலயே கடைசிக் குழு நாங்கதான் மிஸ்."

"உலகம் அழிஞ்ச பொறகுமா?" என்றான் டெனிஸ்டன்.

"பழக்கம்டா. தோட்ட ரோட்டுல வண்டி ஓட்டினவனுக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிரும்."

ராகினி மெதுவாக நிமிர்ந்தாள். போனில் வீடியோவை அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினாள். ஏறி வருகிற லொறி. நிற்காமல் உரசுகிற கார்.

"இவன் கால் போகல" என்றாள். "கொய்யாமர முடக்குலயும் போகல, இங்கயும் போகல. லோஜனோட கார எடுத்தான், பேர எடுத்தான். லோஜனோட கால எடுக்க முடியல. ஷிராஸ், இந்த சீட்டுல உக்கார்ற எல்லாரும் எனக்கு ஒரு தடவ அந்த முடக்குல எறங்கிக் காட்டணும். காரணம் சொல்லக் கூடாது. இந்திராணி, நீங்க லொறி."

"நானா? மிஸ், நான் மிக்ஸிகூட அமத்தினதில்ல."

"நேரா ஏறிக்கிட்டே இருங்க. அது போதும்."

*

முதலில் டெனிஸ்டன் உட்கார்ந்தான், தன்னையும் சந்தேகப்படலாம் என்ற பெருந்தன்மையில். முடக்கு வருவதற்கு முன்பே ரோட்டோர வடிகால் காணுக்குள் விழுந்து, வெடித்து, எரிந்தான். அங்கே வந்த ஒரு காட்டுநாய் அவனுடைய டயரைத் தூக்கிக்கொண்டு போனது.

"ஒங்க ஆட்டோவுலயா நான் இவ்வளவு நாளாப் போயிக்கிட்டு இருக்கேன்?" என்றாள் ராகினி.

அடுத்தது ஷிராஸ். எதிரே லொறியைக் கண்டதும் ஒதுங்கி நின்றான். நின்றதோடு இல்லாமல், அந்த லொறியை ஓட்டுகிறவள் இரண்டு கதிரைகள் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும், திரையைப் பார்த்துக் கையைக் காட்டினான். டெனிஸ்டன் அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். நல்ல காலம், அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா எல்லாரும்?"

விதுர்ஷன். பாலசுப்பிரமணியம் முதலாளியின் ஒரே மகன். இரண்டு கையிலும் சோற்றுப் பார்சல். லோஜனுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தவன் அவன். ரிமாண்டுக்கும் விடாமல் சோறு கொண்டுபோகிறவன். பஜாரில் லோஜனுக்காக அழுத ஒரே ஆண்பிள்ளை. டெனிஸ்டனுக்கு அவனைப் பார்த்தாலே மனம் இளகும். பார்சலில் கோழி இருப்பதும் ஒரு காரணம்.

"வாங்க தம்பி" என்றாள் இந்திராணி.

"அக்கா, நீங்க எங்க இந்தப் பக்கம்? சரி, சரி, ஒக்காருங்க. மிஸ், ஏதும் கெடச்சுதா?"

"வக்கீலுக்கு ஒரு விசயம் வேணும்" என்றாள் ராகினி. "லோஜன் இந்த ரோட்டுல எப்படி ஓட்டுவான்னு காட்டணும். நீங்க அவனோட சேந்து ஆடினவர்தானே?"

"நான் எப்பவாவதுதான் மிஸ். கடையில வேல."

அவன் சீட்டில் உட்கார்ந்து, அடிக்கடி உட்காருகிறவன் போலக் கதிரையைத் தன் காலுக்கு ஏற்றபடி முன்னால் இழுத்துக்கொண்டான். டெனிஸ்டன் அதைக் கவனித்து, கவனித்ததை உடனே மறந்து, பார்சலைப் பிரித்தான்.

திரையில் கார் கிளம்பியது. புகைக்குழாயைத் தாண்டியது. கொய்யாமரம் வந்தது. கீழேயிருந்து இந்திராணியின் லொறி, குடித்தவன் மாதிரி ஆடினாலும், விடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

விதுர்ஷன் நிற்கவில்லை.

வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. லொறிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் காரை நுழைத்தான். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கை மேலே வந்தது. பக்கத்தில் எதுவுமில்லாத வெறுங்காற்றில், உள்ளங்கையால், இல்லாத ஒரு கண்ணாடியை மடித்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல ஸ்டியரிங்குக்குத் திரும்பிப் போனது.

டெனிஸ்டனின் வாயில் கோழித்துண்டு அப்படியே நின்றது. யேசுதாசன் பார்த்த கை. முகமில்லாத, பெயரில்லாத அந்தக் கை, இதோ, ஒரு மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் தோளும் கழுத்தும் தெரிந்த முகமுமாக உட்கார்ந்திருக்கிறது. தான் தின்றுகொண்டிருப்பது அந்தக் கை கொண்டுவந்த சோறு என்பது நினைவுக்கு வந்தது. அவன் அதைத் துப்பினான்.

"லோஜன் நிப்பானே" என்றாள் ராகினி.

"ஆ… ஆமா. மறந்துட்டேன்."

"இப்ப வலது கையால என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?"

"சைட் மிரர மடிச்சீங்க. இந்தக் காருக்கு மிரரே கிடையாது."

விதுர்ஷன் தன் கையைப் பார்த்தான். யாரோ தன் மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"லோஜனுக்கு மிரர மடிக்கிற பழக்கமே இல்ல" என்றாள் ராகினி. அவளுடைய குரல் இப்போது கேட்பதற்கே காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது. "நின்னு வழி விடுறவன் எதுக்கு மடிக்கணும்? பொலிஸ் கண்டெடுத்தப்ப பட்டாவோட வலது மிரர் மடிஞ்சிதான் இருந்துச்சு, ஃபோட்டோ எங்கிட்ட இருக்கு. கொய்யாமர முடக்குல அத மடிச்ச கைய ஒருத்தர் பாத்திருக்கார். அந்தக் கைக்கு லைசன்ஸ் இல்ல, இல்லையா?"

"நீங்க என்ன பேசுறீங்க? காத்துல கைய ஆட்டினதுக்குக் கேஸா? நாளைக்கு நீதவான்கிட்ட போய் இதச் சொல்லுங்க, சிரிப்பார்."

"சிரிக்கத்தான் செய்வார்" என்றாள் ராகினி. "இது போதாது. எனக்குத் தெரியும்."

ஷிராஸ் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். "மச்சான், நீ அடிக்கடி சட்டர் மூடுற நேரத்துல வந்து, அஞ்சு நிமிசம் தா, ஆடிட்டுப் போறேம்பே. செம்புழுதி வந்த பொறகும் வந்தே."

"விலகு ஷிராஸ்." விதுர்ஷன் எழுந்தான். பிறகு இந்திராணியின் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய குரல் மாறியது. முதலாளி வீட்டுக் குரல் வந்தது. "அக்கா, இவங்க சொல்றதக் கேக்காதீங்க. லோஜன நான் கைவிட மாட்டேன். நல்ல வக்கீல். ரெண்டு வருசம், கூடிப்போனா மூணு. வெளிய வந்ததும் கடையில வேல இருக்கு. எங்களால உள்ள ஒரு நாள் தாங்க முடியாது. அவன் கஷ்டத்துல வளந்தவன், லயத்துல பொறந்தவன், அவனுக்கு அது பழகிரும்."

கீழே பார்மசியில் யாரோ பனடோல் கேட்பது கேட்டது.

டெனிஸ்டன் பார்சலை மேசையில் அறைந்தான். லயத்தில் பிறந்தவன்தான் அவனும். பழகிரும்! இந்தச் சொல்லைத்தான் பிறந்ததிலிருந்து கேட்கிறான். அட்டை கடித்தால் பழகிரும். கூரை ஒழுகினால் பழகிரும். அவனுக்கு இந்த முறை பகிடி வந்தது, ஆனால் தொண்டையைத் தாண்டவில்லை.

இந்திராணி கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போன கெழம நான் ரிமாண்டுக்குப் போனேன்" என்றாள். "சாவிய யாரு எடுத்திருப்பான்னு கேட்டேன். கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கீழ பாத்தான். பொறகு சொன்னான், அக்கா, விதுர்ஷன் பேர மட்டும் எங்கயும் இழுத்துடாதே, அவனுக்கு நியூசிலாந்து விசா வந்திருக்கு, பொலிஸ் ரிப்போர்ட் கெட்டா எல்லாம் போயிரும்னான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவ்வளவு ஒதவி செய்ற புள்ளைய அலைய வைக்காதேன்னு சொல்றான்னு நெனச்சேன். கூறு கெட்டவ."

விதுர்ஷனின் முகத்தில் இருந்த முதலாளி போய்விட்டார்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள் இந்திராணி. "சாவி எங்க போச்சுன்னு மொத நாள்லேருந்து அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒன்னோட சோத்தத் தின்னுக்கிட்டு ஒனக்காக உள்ள ஒக்காந்திருக்கான். நீ அவன் கார எடுத்து, அவன் போட்ட ரோட்டுல, அவன கொலகாரனாக்கி ஊருக்குக் காட்டுன. அது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லல. நீ போய்ச் சொல்லு. அடுத்த பார்சல் கொண்டுபோறப்ப அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

விதுர்ஷன் ஸ்டியரிங் சீட்டில் மறுபடி உட்கார்ந்தான்.

"சொவர்ல ஒரசினதுன்னு நெனச்சேன்" என்றான். "பொலித்தீன் பறந்துச்சு. கண்ணாடியில பாக்கலாம்னா… மடிச்சிருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தோட்டத்து மேல் டிவிஷன்ல கூட்டாளிங்களோட கொஞ்சம் குடிச்சிருந்தேன். வீட்டுக்கு வந்த பொறகுதான் கேள்விப்பட்டேன். லோஜன் எப்படியும் வந்துருவான்னு நெனச்சேன் அக்கா. பொலிஸ் சாவியப் பத்திக் கேட்டதும் பயந்துட்டேன். அந்த வீடியோவப் போட்டது… பயத்துலதான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ராகினி.

அவன் தலையாட்டினான். "எல்லாம் சரியாப் போயிரும், வாயத் தொறக்காதேன்னார்."

ராகினி போனை எடுத்தாள். வக்கீலிடம் இரண்டே வசனம் பேசினாள். பிறகு டெனிஸ்டனிடம், "யேசுதாசனுக்கு எடுங்க. கல்யாணத் தண்ணி பத்தி நீதிமன்றத்துல யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டா நான் பாத்துக்கிறேன். நாளைக்கு அவர் வரணும். வரலன்னா…"

"வரலன்னா ஸ்டூல் போட்டு ஏறி அடிப்பேன்னு சொல்றேன் மிஸ்."

*

மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீலரின் இரண்டு பக்கப் படங்குத் திரையையும் இறக்கிவிட்டான் டெனிஸ்டன். பின்சீட்டில் நடுவில் விதுர்ஷன். ஒரு பக்கம் ராகினி, மறு பக்கம் இந்திராணி. ஷிராஸ் கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில், தலையில் ஒரு ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். சாட்சி சொல்ல வேண்டுமாம். வழியில் இரண்டு தடவை ஹோர்ன் அடித்து, தான் வருவதை உறுதிப்படுத்தினான்.

பஜார் ஒன்றும் அறியாமல் இயங்கிக்கொண்டிருந்தது. பாலசுப்பிரமணியம் முதலாளியின் கடை வாசலில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். த்ரீவீலர் அதைக் கடக்கும்போது விதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். டெனிஸ்டன் கண்ணாடியில் அதைப் பார்த்தான். அவ்வளவு கோபத்திலும் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. இந்த மனதை வைத்துக்கொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. மிட்டாய்க் கடை போட்டிருக்கலாம்.

"அக்கா" என்றான் விதுர்ஷன். மழைச் சத்தத்தில் மெல்லத்தான் கேட்டது. "லோஜன் என்ன மன்னிப்பானா?"

இந்திராணி முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மன்னிச்சிருவான்" என்றாள். "வெளிய வந்த அன்னைக்கே ஒன்னத் தேடிக்கிட்டு வருவான். தோள்ல கையப் போடுவான். அவன் அப்படி."

விதுர்ஷன் அழ ஆரம்பித்தான்.

"நான் மாட்டேன்" என்றாள் இந்திராணி. "திரேசாக்கா நடக்குற வரைக்கும் மாட்டேன். அவ இனி நடக்க மாட்டா."

த்ரீவீலர் பொலிஸ் வாசலில் நின்றது. அவள் தன் பக்கத்துப் படங்கைத் தூக்கிப் பிடித்தாள். மழை உள்ளே அடித்தது.

"எறங்கு" என்றாள்.